எதிரியை அடக்கும்படி இறைவனிடம் கேட்கலாமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி ஒரு வெட்டுக்குத்து வழக்கில் போலீசிடம் சாட்சி சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து ஒரு கும்பல் அந்தக் குடும்பத்தை விடவில்லை. பிளாட் கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றினார்கள். கிரில் பூட்டில் பசையை அடைத்தார்கள். அம்மா விடியற்காலையில் வேலைக்கு இறங்கும்போது மோட்டாரில் வந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சிரித்துவிட்டுப் போகிறார்கள். பின்னால் பணமும் ஆள்பலமும் இருக்கிறவர்கள். "விளக்கு வைக்கும்போதெல்லாம் 'முருகா, இவனுங்களை ஒழிச்சிடு' என்றுதான் வாயில் வருகிறது. அப்படி வேண்டுவது பாவம், எதிரிக்கும் நல்லதையே வேண்டு என்கிறார் பெரியம்மா. பக்கத்து வீட்டு அண்ணனோ, மாந்திரீகம் செய்கிற ஒரு மாஸ்டரிடம் கூட்டிப் போகிறேன், அவர் கட்டிவிடுவார் என்கிறார். நான் எதைக் கேட்பது?" என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, தாராளமாகக் கேளுங்கள். அவர்கள் கையைத் தடு, காலைக் கட்டு, எங்கள் வாசலுக்கு வரவிடாதே என்று தினமும் கேளுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. கேட்கிற விதத்தைப் பற்றி மட்டும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் பெரியம்மாவுக்கு ஒரு வார்த்தை. அவர் வீட்டிலும் காலையில் சூலமங்கலம் சகோதரிகள் குரலில் கந்த சஷ்டி கவசம் ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். தேவராய சுவாமிகள் அதில் என்னதான் கேட்கிறார்? தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, வேல் காக்க என்கிறார். பிறகு "கட்டி உருட்டு கால்கை முறிய" என்கிறார், "குத்து குத்து கூர்வடிவேலால்" என்கிறார். பயந்துபோன மனிதன் எப்படிப் பேசுவானோ அப்படியே இருக்கிறது. அந்தப் பயத்தை யாரும் திருத்தி எழுதவில்லை. பூஜை அறையில் வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறோம். ஆகவே சாமி முன்னால் நல்ல வார்த்தை மட்டும்தான் பேசவேண்டும் என்று உங்களை யாரும் அடக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கவசம் முடிவுக்கு வரும்போது பகைவரைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள்: "மாற்றலர் எல்லாம் வந்து வணங்குவர்." செத்துப்போவார்கள் என்று அது சொல்லவில்லை. இன்று மோட்டாரில் வந்து சிரிப்பவன் ஒருநாள் தலை குனிந்து நிற்பான் என்பதுதான் அந்தப் பாட்டு காட்டுகிற முடிவு.

நீங்கள் கேட்டதற்கு மிக நெருக்கமான ஒரு நிகழ்ச்சி பெரிய புராணத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் பதில் முழுவதும் அதில்தான் நிற்கிறது.

ஏழாம் நூற்றாண்டு மதுரை. பாண்டிய மன்னன் சமண சமயத்தில் இருக்கிறான். அரசி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அழைத்ததால் ஞானசம்பந்தர் வந்து ஒரு மடத்தில் தங்குகிறார். பிள்ளை வயது. இரவில் அந்த மடத்துக்குத் தீ வைக்கிறார்கள். வைத்தவர்கள் அரசனுக்கு வேண்டிய சமணர்கள் என்கிறார் சேக்கிழார். உள்ளே அடியார்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். உடன் இருந்தவர்கள் தீயை அணைத்துவிட்டு ஓடிப்போய்ச் சம்பந்தரிடம் சொல்கிறார்கள். தமக்கு வந்த தீங்கைவிட, தம் பொருட்டு அடியாருக்கு ஆபத்து வந்ததே என்றுதான் அவர் கலங்குகிறார். அடுத்து அவருக்குத் தோன்றுவது, இது நாட்டைக் காக்கிற அரசன் முறை தவறியதன் விளைவு என்பது. உடனே பாடுகிறார்:

செய்யனே திருஆலவாய் மேவிய
ஐயனே அஞ்சல் என்றருள் செய்எனைப்
பொய்யராம் அமணர் கொளுவும் சுடர்
பையவே சென்று பாண்டியற்கு ஆகவே.

முதலில் கேட்பது "அஞ்சாதே என்று எனக்குச் சொல்" என்பது. பயத்தை மறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தீயைப் பற்றிய விண்ணப்பம். அதை எங்கே அனுப்புகிறார்? இருட்டில் பந்தம் பிடித்த ஆளுக்கு அல்ல, அந்த ஆளுக்குத் தைரியம் கொடுத்த இடத்துக்கு. எப்படி அனுப்புகிறார்? பையவே. மெதுவாக.

ஏன் மெதுவாக என்று சேக்கிழார் ஒரு முழுப் பாட்டில் காரணம் அடுக்குகிறார். பாண்டிமாதேவியாரின் மங்கல நாண் காப்பாற்றப்பட வேண்டும். குலச்சிறையார் அரசன்மேல் வைத்த அன்பு வீணாகக்கூடாது. அரசன்மீது குற்றம் இருப்பதும் உண்மை. அவன் மீண்டும் சிவநெறிக்குத் திரும்பவேண்டிய விதியும் உண்டு. கடைசியாக, சம்பந்தரின் கை அவன்மேல் பட்டுத் திருநீறு பூசி நோய் நீக்கும் பேறு அவனுக்கு இருக்கிறது. இத்தனையையும் வைத்துத்தான் "பையவே செல்க" என்றாராம்.

எனக்கு இந்த இடம் எப்போது படித்தாலும் நெஞ்சைப் பிடிக்கும். எரித்துக் கொல்ல வந்தவர்களுக்குத் துணை நின்ற அரசன். அவனைத் தண்டிக்கக் கேட்கிற அதே மூச்சில், அவன் மனைவியின் தாலி நினைவுக்கு வருகிறது. அவன் செய்தது குற்றம் இல்லை என்று மழுப்பவும் இல்லை. "அரசன்பால் அபராதம்" என்பது பட்டியலில் பச்சையாக இருக்கிறது. தீ காய்ச்சலாகப் போய் அரசனைப் படுக்கவைத்தது. அவன் அதிகாரம், சேனை, வைத்தியம் எதுவும் உதவவில்லை. பிறகு அதே சம்பந்தர் "மந்திரமாவது நீறு" என்று பாடித் திருநீறு பூசியபோதுதான் அரசன் உடம்பின் வலப்பக்கம் குளிர்ந்தது. தடுக்கவும் செய்தார், திரும்பி வர வழியும் விட்டார்.

ஆகவே உங்கள் வேண்டுதலை இந்த வார்த்தைகளில் வையுங்கள்: "அவர்கள் செய்கிற கொடுமை அதைத் தூண்டியவனிடமே போகட்டும், ஆனால் பையவே போகட்டும்." அந்தப் பையன்களில் ஒருவனுக்குப் பெண்டாட்டி இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். அவர்கள் உங்கள் கதவில் சாயம் ஊற்றவில்லை.

இதே கதையின் பிற்பகுதியை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பிறகு சம்பந்தரோடு நடந்த சமய வாதில் தோற்ற சமணர்கள் கழுவேற்றப்பட்டதாகப் புராணம் சொல்கிறது. சம்பந்தருக்குப் பகை இல்லை என்றும், ஆனாலும் அவர் தடுக்கவில்லை என்றும் சொல்கிறது. அதை வேண்டுதலுக்கு முன்மாதிரியாக நான் யாருக்கும் காட்டமாட்டேன். நம் நூல் என்பதற்காக அந்தக் கழுமரங்களைப் பார்த்து மகிழ வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு எடுத்துக்கொள்ளத் தோன்றுவது "பையவே" பாடிய இரவைத்தான்.

அப்பர் பட்டது இன்னும் நேரடியானது. பல்லவ அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று மறுத்தார். நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் அடைத்தார்கள். நஞ்சு கலந்த சோறு கொடுத்தார்கள். யானையை ஏவினார்கள். கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். இத்தனைக்கும் நடுவே அவர் பாடியவை நம்மிடம் இருக்கின்றன, நம் பிள்ளைகள் மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை விழாவில் ஓதுகிற பாட்டுகள்தான். காளவாயில் "மாசில் வீணையும் மாலை மதியமும்". யானை முன்னால் "அஞ்சுவது யாதொன்றும் இல்லை அஞ்ச வருவதும் இல்லை". கடலில் "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சிவாயவே". இவற்றில் அரசனைச் சபித்து ஒரு வரி கிடையாது. ஆனால் பணிந்துபோகிற வரியும் கிடையாது. கூப்பிட்டால் வரமாட்டேன் என்ற வார்த்தையை அவர் கடைசிவரை மாற்றவில்லை. அந்த அரசன் பிறகு மனம் மாறித் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்று வரலாறு போகிறது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்.

எங்கள் தேவார வகுப்புக்கு ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். மகனைக் குடியிருப்புத் தாமான் வாசலிலேயே பாராங் கத்தியால் வெட்டியிருந்தார்கள், பிழைத்துக்கொண்டான். "அஞ்சுவது யாதொன்றும் இல்லை" வரை எல்லோரோடும் சேர்ந்து பாடுவார். "அஞ்ச வருவதும் இல்லை" என்ற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். வருகிறதே, நேற்றும் வந்தார்களே என்பார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பாதி வரியோடு நிறுத்துவதும் வழிபாடுதான். உங்களுக்கும் எந்த வரி வாயில் வரவில்லையோ அதை விட்டுவிடுங்கள்.

சூரபத்மன் கதையை நான் சொல்லவேண்டியதில்லை. ஐப்பசி வந்தால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சூரசம்ஹாரம் பார்க்காத குடும்பம் குறைவு. ஒன்றைமட்டும் நினைவூட்டுகிறேன். போருக்கு முன் முருகன் வீரவாகுவைத் தூது அனுப்பினான், தேவர்களைச் சிறையிலிருந்து விடு என்று. கேட்காததால்தான் வேல் போனது. மாமரமாய் நின்றவன் இரண்டாகப் பிளந்து சேவலும் மயிலும் ஆனான். ஒன்று கொடியில், ஒன்று காலடியில். உங்கள் பெரியம்மா சொல்கிற "நல்லதை வேண்டு" என்பதும், உங்கள் வாயில் வருகிற "அடக்கு" என்பதும் அந்த மயிலில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் எதிரி வேற்று நாட்டுப் படைக்காரன் இல்லை. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது, அவற்றில் நம் இளைஞர்கள் எவ்வளவு பேர் என்று கேட்டு நம் சமுதாயமே வெட்கிப்போனது. அந்தப் பையன்களும் தைப்பூசத்துக்குப் பத்துமலை வருகிறார்கள். அதே 272 படி ஏறுகிறார்கள். காவடி எடுக்கிறார்கள். நீங்கள் "அவனை அடக்கு" என்று கேட்கிற அதே முருகனிடம் அவன் அம்மாவும் "என் மகனைக் காப்பாற்று" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். முருகன் யார் பேச்சைக் கேட்பான்? இரண்டையும் கேட்க முடியும் என்று நம்புகிறேன். அவன் கையிலிருந்து பாராங் விழுந்துவிட்டால் உங்கள் வேண்டுதலும் அவன் தாயின் வேண்டுதலும் சேர்ந்தே நிறைவேறிவிடும்.

அதனால்தான் மாஸ்டரிடம் போகாதீர்கள் என்கிறேன். எலுமிச்சம்பழம், பொம்மை, கல்லறை மண், இவ்வளவு ஆயிரம் வெள்ளி என்று தொடங்கும். கொடுத்துவிட்டால் நிற்காது, எதிரி திரும்பக் கட்டுகிறான், இன்னொரு பூஜை போடவேண்டும் என்று வரும். பயத்தில் இருக்கிற குடும்பத்தைப் பிழிகிற இன்னொரு கை அது. கோவிலில் முறையாகச் செய்கிற சத்ரு சம்ஹார அர்ச்சனை வேறு. அங்கே நீங்கள் இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். மாஸ்டரிடம் போனால் யாருக்கு என்ன ஆகவேண்டும் என்று நீங்களே உட்கார்ந்து தீர்மானிக்கிறீர்கள், அது தூக்கத்தைக் கெடுக்கும். அந்தப் பணம் வீட்டில் இருந்தால் நல்ல பூட்டுக்கும் வாசல் கேமராவுக்கும் ஆகும்.

இன்னொரு கதையை உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல முத்தநாதன் அடியார் வேடத்தில் வந்தான், சுவடிக்குள் கத்தியை ஒளித்து. குத்திவிட்டான். காவலன் தத்தன் வாளோடு பாய்ந்தபோது, "தத்தா, நமர்" என்று தடுத்து, அவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடச் சொல்லி, அந்தச் செய்தி வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தார். மகத்தான வாழ்க்கை. ஆனால் அதைச் சொல்லி உங்களைப் பொறுத்துப்போகச் சொன்னால் ஏற்காதீர்கள். தம் மார்பில் பட்ட குத்தை அவர் மன்னித்தார். அது அவருடைய உரிமை. உங்கள் தம்பியின் உடம்பையும் அம்மாவின் விடியற்காலையையும் வைத்து நீங்கள் மன்னிப்பு வழங்க முடியாது.

வேண்டினால் போதுமா, போலீஸ் வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ரிப்போர்ட் போட்டதாக ஒரு வரி கூட இல்லாதது எனக்குக் கவலையாக இருக்கிறது. "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்று வள்ளுவர் அந்த வேலையை அரசின் கையில் வைத்தார். கதவில் சாயம் விழுந்தால் துடைக்கும் முன் படம் எடுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் போட்டு நகலை வாங்குங்கள். அடுத்த சம்பவத்துக்கு அடுத்த ரிப்போர்ட், சலிக்காமல். மிரட்டுவது தண்டனைச் சட்டத்தின் 503, 506ஆம் பிரிவுகளின்படி குற்றம். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் 2023-இலிருந்து தனிக் குற்றம், பிரிவு 507ஏ. அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிப்பதைப் பற்றி ரிப்போர்ட்டில் எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள். தம்பி சாட்சி என்பதால் வழக்கைப் பார்க்கும் விசாரணை அதிகாரியிடமும் அரசு வழக்கறிஞரான டிபிபியிடமும் மிரட்டலைச் சொல்லி, 2009ஆம் ஆண்டுச் சாட்சிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள். தயக்கமாக இருந்தால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. ஆள் வாசலில் நிற்கும்போது மட்டும் ரிப்போர்ட்டைப் பற்றி யோசிக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

மதுரையிலும் வேண்டுதல் தனியாக நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தீயை அணைத்தது உடன் இருந்தவர்கள். உள்ளே இருந்து அரசனிடம் பேசியது அரசி. அமைச்சர் ஒருவர் தம் பதவியைப் பணயம் வைத்து நின்றார். பாட்டு அவர்கள் எல்லோருக்கும் நடுவில் எழுந்தது.

இனி விளக்கு வைக்கும்போது என்ன செய்வது என்ற உங்கள் கேள்வி. முதலில் பயத்தைச் சொல்லுங்கள், "அஞ்சல் என்று அருள்செய்" என்று. பிறகு எது நிற்கவேண்டும் என்பதைத் திட்டமாகச் சொல்லுங்கள்: இந்தப் படிக்கட்டில் அவர்கள் ஏறக்கூடாது, அம்மாவின் பெயரை அந்த வாய் சொல்லக்கூடாது, தம்பி நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். "ஒழிச்சிடு" என்று வாயில் வந்தால் வரட்டும், அடக்கவேண்டாம், கவசத்தில் வராததா? சொல்லி முடித்த பிறகு "பையவே" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கோளறு பதிகத்தையும் பழகிக்கொள்ளுங்கள். மதுரைக்குப் போகாதே, நாளும் கோளும் சரியில்லை, அங்கிருப்பவர்கள் வஞ்சனைக்காரர்கள் என்று அப்பர் தடுத்தபோது சம்பந்தர் பாடியது அது. புலி, கொலையானை, நாகம், கரடி என்று கொடிய மிருகங்களை வரிசையாகச் சொல்லி, அவை அடியார்க்கு "நல்லநல்ல" என்கிறார். ஒன்றையும் கொல்லச் சொல்லவில்லை. காட்டில் அவை இருக்கும், நம்மைத் தொடாது, அவ்வளவுதான். தம்பியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவனுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருக்கும், அவனே ஒரு கும்பலைத் தேடிப் போய்விடக்கூடாது. இந்த வேண்டுதல் அடக்கவேண்டிய கைகளில் அவன் கையும் ஒன்று.

உடனே பலன் தெரியுமா? தெரியாமலும் போகலாம். அப்பருக்கே காளவாயில் ஏழு நாள். நாயன்மார் எல்லோரும் உயிரோடு தப்பவில்லை என்பதையும் மேலே சொல்லிவிட்டேன். நீங்கள் அழுகிற அழுகை வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். "அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை" என்பது குறள். பணத்தையும் ஆள்பலத்தையும் நம்பி ஆடுகிறவர்களைப் பற்றித்தான் அது சொல்கிறது.

தனியாக ஓதவேண்டாம். செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம், அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவர் வேலைக்கு இறங்கும் நேரத்தை எனக்குத் தனியாக எழுதுங்கள். பஸ் நிறுத்தம் வரை கூட நடக்க இரண்டு பேரை ஏற்பாடு செய்கிறேன்.